நானூறு மீற்றருக்குள் ஒரு பிடி சோறு

அத்தியாயம் 4

“நான் ஆளைச் சுடேல்லை அண்ணை. வான்கோழியைத்தான் சுட்டனான்.”

“அப்ப நீர் மேல்மாடிக்கு வந்ததே பிழை தம்பி. கீழை சாப்பாட்டுக்கடை. அங்கை குடுத்தால் பிரட்டித் தருவினம்.”

வந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. கோணேஸ்வரன் தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, கையிலிருந்த மட்டன் றோலை இன்னொரு கடி கடித்தார்.

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடி அது. கீழே சாப்பாட்டுக்கடை, பக்கத்தில் சேலைக்கடை, மேலே நிலாணியின் துப்பறியும் கந்தோர். நிலாணி முன்பு காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் இருந்தவள். கழுத்து நோ என்று கட்டிலில் கிடந்தவர்கள் கலியாண வீட்டில் குத்தாட்டம் போடுவதைப் படம் பிடிப்பது அங்கே அவளுடைய வேலை. பொய் எந்த வாசலால் வரும் என்று வடிவாகத் தெரிந்ததும் சொந்தமாகக் கடை போட்டுவிட்டாள். கோணேஸ்வரன் திருகோணமலையில் பிறந்து, ரொறன்ரோவில் ரக்சி ஓடிக் களைத்தவர். இப்போது அவளுக்குச் சாரதி, உதவியாளர், கேட்காத ஆலோசனைகளுக்கு முழுப் பொறுப்பாளர்.

“கோணேசண்ணை, அவரைக் கதைக்க விடுங்கோ,” என்றாள் நிலாணி. “சொல்லுங்கோ, உங்கடை பேர்?”

“மிதுனன். யூனியன்வில்லிலை இருக்கிறன். எனக்குக் கன்சர்வேஷன் ஒஃபிசர் வேலை கிடைச்சிருக்கு. காட்டுச் சட்டம், வேட்டைச் சட்டம் பார்க்கிற வேலை. ட்ரெய்னிங் வாற கிழமை தொடங்குது. நேற்று என்னையே பிடிச்சிட்டினம்.”

“வேலைக்குச் சேர முதலே முதல் கேஸ்!” என்றார் கோணேஸ்வரன். “கெட்டிக்காரன்.”

மிதுனன் அவரைப் பார்க்காமல் நிலாணியைப் பார்த்துச் சொன்னான். “அருள்நாயகம் அங்கிள் எங்கடை அப்பாவின்ரை சிநேகிதர். அங்கிளும் அன்ரியும் ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டிலை இருந்தவை. ரெண்டு வருசத்துக்கு முதல் வடக்காலை பாம் ஒண்டு, பண்ணைக் காணி, வாங்கிக்கொண்டு போட்டினம். அங்கை சுடலாம் எண்டு அங்கிள் பெர்மிஷன் தந்தவர். துவக்குக்கு லைசென்ஸ் இருக்கு. வேட்டைக்கு லைசென்ஸ் இருக்கு. வான்கோழிக்குத் தனி ராக், அனுமதிச் சீட்டு, அதுவும் இருக்கு. சீசன் திறந்திருக்கு. நேற்று விடிஞ்சாப் பிறகுதான் சுட்டனான். எவ்ரிதிங் வாஸ் க்ளீன்.”

“பிறகு என்ன பிழை?”

“சோறு.”

கோணேஸ்வரன் மெல்லுவதை நிறுத்தினார். சோறு என்ற சொல் அவருடைய கவனத்தை எப்போதும் கவரும்.

“இரை போட்டு வான்கோழியை வரப்பண்ணிச் சுடக்கூடாது,” என்றான் மிதுனன். “இரை கிடக்கிற இடத்திலையிருந்து நானூறு மீற்றருக்குள்ளை நிண்டு சுட்டாலே குற்றம். நான் சுட்டு முடியுறதுக்கிடையிலை ஒஃபிசர் வந்திட்டா. கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு குவியல் சோறு. நான் நிண்ட இடத்திலையிருந்து அதிலை பாதித் தூரமும் வராது. ஐ ஸ்வேர், எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக் காணியும் நடந்து பார்த்தனான். ஒரு பருக்கை இல்லை.”

“அதுசரி, சுட்டுத்தான் ஆகவேணுமோ? தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சு கடையிலை எல்லாம் சேலிலை கிடக்கே,” என்றார் கோணேஸ்வரன்.

“கடையிலை கிடக்கிறது பிறந்ததிலையிருந்து கூட்டுக்கு வெளியாலை எட்டிப் பார்க்காதது அண்ணை. நான் சுட்டது காட்டிலை தன்ரைபாட்டிலை திரிஞ்சது. எனக்கு ஒரு சீசனுக்கு ஒண்டு போதும். இறகைத் தவிர ஒண்டையும் எறியமாட்டன். நீங்கள் தின்னுற றோலிலை இருக்கிற ஆட்டை ஆர் கொண்டது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

கோணேஸ்வரன் றோலைப் பார்த்தார். மெல்ல மேசையில் வைத்தார். யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

“இந்த நானூறு மீற்றர்க் கதை அந்த வீட்டிலை ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டாள் நிலாணி.

“ரெண்டு பேருக்கும். போன மாசம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவை. நான்தான் சட்டம் எல்லாம் விளங்கப்படுத்தினனான். ஆரும் களவாச் சுட்டால் எந்த நம்பருக்கு அடிக்கவேணும் எண்டுகூடச் சொன்னனான். அங்கிள் ஃபோனும் கையுமாய் இருந்தவர். அன்ரிதான் இடியப்பம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவ. ஒரேயொரு கேள்வியும் கேட்டவ…”

“இன்னும் ரெண்டு போடட்டோ எண்டுதானே?” என்று குறுக்கே விழுந்தார் கோணேஸ்வரன். “எல்லா அன்ரிமாரும் கேக்கிற கேள்வி.”

மிதுனன் முதல்முறையாகச் சிரித்தான். அந்தக் கேள்வி என்ன என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இரண்டே பக்கத்தில் முடிந்திருக்கும். கோணேஸ்வரனின் வாய்க்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் பையனின் முகம் மறுபடியும் வாடிவிட்டது. “ஒஃபிசர் நாளைக்குக் காலமை முடிவெடுப்பா. சார்ஜ் போட்டால் வேலை போச்சு அக்கா. சட்டத்தை மீறினவனைச் சட்டம் பார்க்க எடுப்பினமோ? இந்த ஒரு வேலைக்காகத்தான் நான் வேறை ஒண்டும் படிக்கேல்லை.”

நிலாணி கார்ச் சாவியைத் தூக்கிக் கோணேஸ்வரனிடம் எறிந்தாள். அவர் அதை நெஞ்சால் பிடித்தார். கையில் றோல் இருந்தது.

*

நகரம் முடிந்து சோளக்காடு தொடங்கியது. ஒரு பண்ணையின் வேலிக் கட்டைகள் எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம் வட்டமாகப் பெயின்ற் அடித்திருந்தது.

“உங்கை பார் பிள்ளை, கட்டைக்கெல்லாம் பொட்டு வைச்சிருக்கினம். எங்கடை ஆக்கள் போலை.”

“சிவப்பு வட்டம் எண்டால் உள்ளுக்கு வராதை எண்டு சட்டம் அண்ணை. போர்ட் எழுதத் தேவையில்லை. வட்டத்தைக் கண்டால் நிண்டிட வேணும்.”

“சிக்கனமான சனம்.”

அடுத்த வேலி அருள்நாயகத்தினுடையது. அதில் ஒரு பொட்டும் இல்லை. வேலிப் படலையடியில் பச்சைச் சீருடையுடன் அதிகாரி கரோலின் காத்திருந்தாள். நிலாணி வரும் வழியிலேயே அவளுக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். கடுமையான முகம், ஆனால் நேரே பார்க்கும் கண்கள். அவள் பேசிய ஆங்கிலத்தை நம் வசதிக்குத் தமிழில் தருகிறேன்.

“கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பறவையும் தப்பியிருக்கும், பையனும் தப்பியிருப்பான்,” என்றாள் கரோலின். “யாரோ ஒரு பெண் எங்கள் நம்பருக்கு அழைத்தாள். இரை கிடக்கிறது, சுடப்போகிறார்கள், கெதியாக வாருங்கள் என்றாள். பெயர் சொல்லவில்லை. நான் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதே வெடிச்சத்தம் கேட்டுவிட்டது.”

“இரையின் படம் இருக்கிறதா?”

கரோலின் தன் ஃபோனை நீட்டினாள். ஈர மண்ணில் ஒரு குவியல் வெள்ளைச் சோறு. பறவைகள் கிளறியிருந்தன. சோற்றில் அங்கங்கே கறுப்புப் பொட்டுகள். “எலிப்புழுக்கையும் விழுந்திருக்கிறது. கொட்டிலில் எலி இருக்கும் போல,” என்றாள்.

நிலாணி படத்தைப் பெரிதாக்கினாள். கோணேஸ்வரன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“புழுக்கையோ? விசரே இவவுக்கு? உது எள்ளெல்லோ!”

நிலாணிக்கு உள்ளங்கால்வரை சந்தோசம். நேற்று என்ன நாள்? சனிக்கிழமை. என்ன மாதம்? புரட்டாதி. கடைசிச் சனி வேறு. அவள் கரோலினுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சைவ வீடுகளில் சனீஸ்வரனுக்கு விரதம் பிடிப்பார்கள். எள் எண்ணெய் விளக்கு வைப்பார்கள். சனீஸ்வரனின் வாகனம் காகம். ஆகவே எள்ளுச்சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். இது வேட்டைக்காரன் போட்ட இரை இல்லை. வீட்டுக்கார அம்மா வைத்த விரதச் சோறு. சொல்லி முடித்தபோது அவள் குரலில் பெருமை வழிந்ததை மறைப்பதற்கில்லை.

கரோலின் பொறுமையாகக் கேட்டாள். “எல்லாத் தமிழ் வீடுகளிலும் இது உண்டா?”

“அநேகமான சைவ வீடுகளில் உண்டு.”

“மிதுனன் வீட்டில்?”

நிலாணி அதை யோசித்தே இருக்கவில்லை.

“அவனும் உங்கள் ஆள்தானே,” என்றாள் கரோலின். “சனிக்கிழமை அந்த வீட்டில் சோறு வைப்பார்கள் என்று அவன் தெரிந்திருக்க வேண்டும். யார் இரை போட்டார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. அவன் எதிர்பார்த்திருக்க வேண்டுமா இல்லையா என்பதுதான் கேள்வி. இவ்வளவு நேரமும் அவன் சொன்னதைப் பாதியாவது நம்பிக்கொண்டிருந்தேன்.” அவள் ஃபோனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள்.

இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். கொஞ்சத் தூரம் சென்றதும் கோணேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, நாங்கள் ஆற்றை பக்கம்?”

“வாயை மூடிக்கொண்டு வாங்கோ.”

*

அருள்நாயகம் புதுச் சப்பாத்தும் அகலத் தொப்பியுமாக வாசலில் நின்றார். பண்ணையார் வேடத்தில் ஒரு குறையும் இல்லை. சப்பாத்தில் மட்டும் சேறு இல்லை.

“என்ரை காணி. என்ரை பெர்மிஷன். ஆர் கேக்கிறது?” என்றுதான் வரவேற்றார். “பாவம் அந்தப் பொடியன். இவ்வளவு காணியை வைச்சுக்கொண்டு ஒரு பறவை சுட விடேலாட்டி எனக்கு என்னத்துக்குக் காணி?”

உள்ளே அவர் மனைவி கமலாம்பிகை தேத்தண்ணி ஊற்றினார். அறுபது தாண்டியவர். ஒரு முழங்காலுக்குப் பட்டி போட்டிருந்தார். சோற்றைப் பற்றி நிலாணி கேட்டதுதான் தாமதம், பதில் வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஓம் பிள்ளை, நான்தான் வைச்சனான். புரட்டாதிக் கடைசிச் சனி எல்லோ. காகத்துக்கு.”

பிறகு கேத்தலைக் கீழே வைக்காமலே கேட்டார். “அந்தப் பிள்ளையை என்ன செய்வினம்?”

“நாளைக்குச் சார்ஜ் போட்டால் வேலை போயிடும் அன்ரி.”

கமலாம்பிகை ஊற்றிக்கொண்டே இருந்தார். கோப்பை நிறைந்து சாசரில் வழிந்தது.

வெளியே ஒரே அமளி. குசினி யன்னலுக்கு நேரே ஒரு தட்டைக் கல் கிடந்தது. அதைச் சுற்றிக் காகங்கள் நின்று கத்திக்கொண்டிருந்தன.

“உதுகளுக்கு என்ன வந்தது?” என்று கேட்டார் கோணேஸ்வரன்.

“நேற்று மத்தியானத்திலையிருந்து உந்தக் கத்தல்தான்,” என்றார் அருள்நாயகம். “மற்றச் சனிக்கிழமையளிலை திண்டிட்டுப் பேசாமல் போயிடுங்கள்.”

நிலாணி தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். கல்லில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கியது. போன சனிகளில் சோறு வைத்த இடம் அதுதான். ஆனால் நேற்றைய பருக்கை ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து கொட்டிலுக்குப் போகிற வழியெல்லாம் கணுக்கால் புதையும் சேறு.

“வாசலிலை கல் கிடக்க, முழங்கால் ஏலாத மனிசி என்னத்துக்குச் சேத்துக்குள்ளாலை கொட்டிலடிக்குப் போய் வைச்சவ?” என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

கோணேஸ்வரன் பின்னால் வந்து சேர்ந்தார். ஒரு காகம் அவருடைய கையிலிருந்த பிஸ்கட்டையே பார்த்தது. “என்னைப் பாராதை. உன்னாலை நான் பட்டது காணும்,” என்று அதனிடம் சொன்னார். பிறகு நிலாணியிடம், “எங்கடை வீட்டிலை சனிக்கிழமை எண்டால் எனக்கு உபத்திரவம் பிள்ளை. மனிசி சமைச்சு, விளக்குக் கொளுத்தி, படைச்சு, காகத்தைக் கூப்பிட்டு, அது வந்து கொத்தினாப் பிறகுதான் எனக்குச் சோத்துக்கோப்பை வரும். மத்தியானம் திரும்பியிடும். ஒருநாள் பசி தாங்கேலாமல் மறைவிலை நிண்டு நானே கா கா எண்டு…”

“என்ன சொன்னீங்கள்?”

“கா கா எண்டு.”

“அதுக்கு முதல்!”

“மத்தியானம் திரும்பியிடும் எண்டனான். ஏன், உனக்கும் பசிக்குதோ?”

நிலாணி அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. “அண்ணை, மிதுனன் விடிஞ்ச கையோடை சுட்டவன். அதுக்கு முதலே ஒரு பொம்பிளை ஃபோன் பண்ணி இரை கிடக்கு எண்டு சொல்லியிருக்கிறா. அப்ப சோறு வைச்சது இருட்டுக்குள்ளை. இருட்டிலை ஆர் காகத்துக்குச் சோறு வைக்கிறது? காகமே எழும்பியிருக்காது!”

கோணேஸ்வரன் காகங்களைப் பார்த்தார். அவை இன்னும் கத்திக்கொண்டிருந்தன. “அதுதானே. நேற்று உதுகளுக்குக் கிடைக்கேல்லை. வந்து முறைப்பாடு வைக்குதுகள். அப்ப எள்ளு?”

“எள்ளு எங்களுக்குப் போட்டது. ஆரும் கேட்டால் விரதம் எண்டு சொல்லுறதுக்கு. ஒஃபிசர் புழுக்கை எண்டு ஏமாந்தா. நாங்கள் எள்ளு எண்டு ஏமாந்தம்.”

“அவவுக்காவது எள்ளைத் தெரியாது. எங்களுக்கு என்ன சாட்டு?”

நிலாணி பதில் சொல்லாமல் மிதுனனுக்கு ஃபோன் எடுத்தாள். “அண்டைக்கு அன்ரி ஒரேயொரு கேள்வி கேட்டவ எண்டு சொன்னீங்கள். என்ன கேள்வி?”

“அதோ? சோறு எண்டாலும் அப்பிடித்தானோ தம்பி எண்டு கேட்டவ. ஓம் அன்ரி, எந்தச் சாப்பாடு கிடந்தாலும் அதுக்குக் கிட்ட நிண்டு சுடேலாது எண்டனான். சும்மா மரியாதைக்குக் கேக்கிறா எண்டுதான் நினைச்சனான். ஏன் அக்கா?”

“நேற்று எந்தப் பக்கத்தாலை உள்ளுக்குப் போனனீங்கள்?”

“எப்பவும் படலையாலை வந்து கொட்டிலடியாலைதான் போறனான். நேற்று அந்தப் பக்கம் சேறு எண்டபடியால் பின்பக்கம் ஓடைக்கரையாலை போனனான்.”

“உடனை வெளிக்கிட்டு வாங்கோ.”

கோணேஸ்வரன் வாயில் பிஸ்கட் இருப்பதையும் மறந்து நின்றார். “பிள்ளை, அந்த மனிசி இரை போட்டது பறவையைச் சாகக் குடுக்க இல்லை.”

“இல்லை,” என்றாள் நிலாணி. “காப்பாத்த.”

*

குசினியில் கமலாம்பிகை வழிந்த தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருள்நாயகம் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்ரி, நேற்றுக் காகம் சாப்பிட்டதோ?” என்று மெதுவாகக் கேட்டாள் நிலாணி.

துடைத்த கை நின்றது. “இல்லை.”

“நீங்கள்?”

“நானும் இல்லை.” கமலாம்பிகை கதிரையில் இருந்தார். “வைச்ச சோத்தை வான்கோழி வந்து கிளறிப்போட்டுது. பேந்து வெடிச்சத்தம் கேட்டுது. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தொண்டைக்குள்ளை இறங்கேல்லை பிள்ளை.”

அருள்நாயகம் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். “என்ன கதை உது?”

“அந்தப் பிள்ளை கொட்டிலடியாலைதான் வாறது. சோத்தைக் கண்டால், சட்டம் எண்டு சொல்லித் திரும்பிப் போயிடுவான் எண்டு நினைச்சு வைச்சனான். கார் ஓடைப்பக்கம் வந்து நிண்டதை யன்னலாலை கண்டன். ஐயோ, இவன் சோத்தைக் காணப்போறேல்லை எண்டு விளங்கிட்டுது. இந்தக் காலோடை ஓடேலாது. ஓடினாலும் துவக்குக்கு முன்னாலை போய் நிக்கேலுமோ? அவன் சொல்லித்தந்த நம்பருக்கே அடிச்சனான். ஒஃபிசர் வந்து மறிப்பா எண்டு நினைச்சன். எல்லாம் பிந்திப் போச்சு.”

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினார் அருள்நாயகம்.

“சொன்னனான். ஆரையும் விடாதேங்கோ எண்டு சொன்னனான். ஓம் ஓம் எண்டு ஃபோனைப் பார்த்தனீங்கள். பக்கத்துக் காணிக்காரர் மாதிரிச் சிவப்பு வட்டம் அடியுங்கோ எண்டனான். வேலி வடிவில்லாமல் போயிடும் எண்டனீங்கள்.”

“நீர் கடையிலை கோழி வாங்கிச் சமைக்கிறேல்லையோ? அது உயிரில்லையோ?”

“சமைக்கிறன்தான்,” என்றார் கமலாம்பிகை. குரல் தாழவில்லை. “அது நான் காணாத கோழி. இது கோடை முழுக்கக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு என்ரை வாசல் முத்தத்துக்கு வந்தது. நான் செய்யிறது முழுக்கச் சரி எண்டு சொல்லேல்லை. ஆனால் இந்த முத்தத்திலை என்னாலை அதைப் பார்க்கேலாது. காணி உங்கடை எண்டு எல்லாருக்கும் சொல்லுறீங்கள். உறுதிப் பத்திரத்திலை என்ரை பேரும் கிடக்கு. என்னை ஆர் கேட்டது?”

அருள்நாயகம் ஃபோனை மேசையில் குப்புற வைத்தார். கோணேஸ்வரனும் தட்டிலிருந்து எடுத்த பிஸ்கட்டைத் திரும்ப வைத்தார். அது அபூர்வம்.

நிலாணி கமலாம்பிகைக்கு எதிரே இருந்தாள். “அன்ரி, நீங்கள் விரதச் சோறு எண்டே நிண்டால், தமிழ்ப் பொடியன், தெரிஞ்சிருக்க வேணும் எண்டு ஒஃபிசர் எழுதுவா. வேலை போயிடும். உள்ளதைச் சொன்னால், அவன் நினைச்சே பார்த்திருக்கேலாது எண்டு விளங்கும். தப்பிடுவான். சொல்லச் சொல்லி நான் உங்களை நெருக்கமாட்டன்.”

“சொன்னால், வாற வருசம் இவர் வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு வருவார். எனக்கு இருந்த ஒரேயொரு வழி அந்தப் பிடி சோறுதான்.”

கமலாம்பிகை யன்னலால் வெளியே பார்த்தார். காகங்கள் இன்னும் கல்லைவிட்டுப் போகவில்லை. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அந்த ஒஃபிசரைக் கூப்பிடுங்கோ. என்ரை கோவத்துக்கு அந்தப் பிள்ளை பலியாகக்கூடாது.”

கரோலின் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு இருந்தாள். மொழிபெயர்க்க நிலாணி தயாராக இருந்தாள். ஆனால் வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் பல வருடம் வேலை செய்தவருக்கு யாருடைய ஆங்கிலமும் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் தானே சொன்னார். எள்ளு எதற்கு என்பதையும் சொன்னார். கரோலினின் கடுமையான முகத்தில் ஒரு மூலை நெகிழ்ந்தது.

“பறவையை வரவழைக்க இரை போடுகிறவர்களை எனக்குத் தெரியும்,” என்றாள் அவள். “வேட்டைக்காரனைத் திருப்பி அனுப்ப இரை போட்டவரை இன்றுதான் பார்க்கிறேன். அவன் கண்டால் திரும்பிப் போவான் என்று எப்படி நம்பினீர்கள்?”

“அவன் சட்டம் பார்க்கிற பிள்ளை. அந்த நம்பிக்கையிலைதானே முழுவதையும் செய்தனான்.”

கரோலின் தன் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். “அவனுக்கு இதைவிட நல்ல சான்று யாரும் தரமுடியாது. முதல்நாள் காணியைப் பார்த்திருக்கிறான். இருட்டில் வைத்த சோறு அவனுக்குத் தெரியவர வழியில்லை. நான் குற்றம் எழுதப்போவதில்லை. பறவை மட்டும் என்னிடம் இருக்கும்.”

கோணேஸ்வரன் பெருமூச்சு விட்டார். பறவைக்காகத்தான்.

“காகத்துக்குச் சோறு வையுங்கள், அது உங்கள் விருப்பம்,” என்று எழுந்தபடி சொன்னாள் கரோலின். “வேட்டைக்காரரை நிறுத்த அது தேவையில்லை. ஒரு ரின் சிவப்புப் பெயின்ற் போதும். உறுதியில் உங்கள் பெயரும் இருக்கிறதுதானே?”

எல்லோரும் அருள்நாயகத்தைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாமல் அவர் வெக்ஸ்போர்ட்டில் பஸ்ஸுக்கு நின்ற பழைய மனிதராகவே தெரிந்தார். மனைவியின் பட்டி போட்ட முழங்காலையும், வாசலில் காய்ந்து கிடந்த கமலாம்பிகையின் சேற்றுச் செருப்பையும் பார்த்தார்.

“உழவு மெசினுக்கு அடிக்க வாங்கின சிவப்புக் கிடக்கு,” என்றார் கடைசியில். “கமலா, எவ்வளவு பெருசா அடிக்கவேணும்?”

“தூரத்திலையிருந்து வடிவாத் தெரியிற மாதிரி,” என்றார் கமலாம்பிகை.

*

மிதுனனின் கார் வந்து நின்றபோது படலைக் கட்டையில் முதல் வட்டம் ஈரமாக இருந்தது. அருள்நாயகம் தூரிகையுடன் அடுத்த கட்டையில் குனிந்து நின்றார். சப்பாத்தில் இப்போது சேறும் இருந்தது, பெயின்றும் இருந்தது.

கோணேஸ்வரன் படலையடிக்கே ஓடிப்போய் நல்ல செய்தியைச் சொன்னார். சோறு, எள்ளு, காகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். தன் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

“நில்லாமல் வாரும் தம்பி உள்ளுக்கு,” என்றார் அருள்நாயகம்.

மிதுனன் வட்டத்தைப் பார்த்தான். அசையவில்லை.

“சிவப்பு அடிச்சிருக்கு அங்கிள். நான் வரேலாது.”

“நான்தானே சொல்லுறன்!”

“போன முறையும் நீங்கள்தான் சொன்னீங்கள்.”

வீட்டு வாசலில் கமலாம்பிகை நின்றார். மிதுனன் படலைக்கு வெளியே நின்றபடியே கையைத் தூக்கிக் கூப்பிட்டான்.

“அன்ரி! அண்டைக்கு உங்களிட்டைக் கேக்காதது பெரிய பிழை. சொறி அன்ரி. நான் உள்ளுக்கு வரலாமோ?”

கமலாம்பிகை பக்கத்தில் நின்ற நிலாணியின் கையைப் பிடித்தார்.

“இந்தக் காணிக்கு வந்த நாளிலையிருந்து,” என்று கமலாம்பிகை அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், “இண்டைக்குத்தான் ஒரு ஆள் என்னைக் கேக்குது.”

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படலைவரைக்கும் கேட்கக் குரல் கொடுத்தார்.

“வா ராசா. கல்லிலை சோறு வைக்கப்போறன். காகம் கொத்தினாப் பிறகு எல்லாரும் சாப்பிடுவம்.”

கோணேஸ்வரன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவசரமாகக் குசினி யன்னலடிக்கு நடந்தார். யாரும் கேட்காமலே, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, கா கா என்று கூப்பிடத் தொடங்கினார்.